செர்ரி மரக் கேபினட்டுக்கு வெளிர் நிறம்: ஜின்சர் பி.ஐ.என். பிரைமரும் பெஞ்சமின் மூர் அட்வான்ஸ் பெயின்ட்டும்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். ஜின்சர் பி.ஐ.என். பிரைமருக்கு (பெயின்ட்டுக்கு அடியில் முதலில் அடிக்கிற பூச்சு) ஐந்துக்கு ஐந்து. பெஞ்சமின் மூர் அட்வான்ஸ் பெயின்ட்டுக்கு நாலு, பொறுமைசாலிகளுக்கு நாலரை. கிச்சன் கேபினட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் எந்தப் பெயின்ட், எந்த வெள்ளை என்றுதான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், நானும் அந்த நிற அட்டைகளை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் வேலை முடிந்தபிறகு யோசித்தால் அந்தக் கதவுகள் இன்றைக்கு நன்றாக இருப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கிற சமாச்சாரம்தான். யாரும் புகைப்படம் எடுத்துப் போடாத சமாச்சாரம்.

எங்கள் வீடு நியூ ஜெர்சியில், தொண்ணூறுகளில் கட்டியது. எடிசன், சவுத் பிரன்ஸ்விக், பிளெயின்ஸ்போரோ பக்கம் வீடு வாங்கிய நம் ஆட்களுக்கு இந்த கிச்சன் பழக்கமாகத்தான் இருக்கும்: அடர் சிவப்பு கலந்த பழுப்பில் செர்ரி மரக் கதவுகள், நடுவில் புடைத்த பலகை, மேலே ஒரு கிரவுன் மோல்டிங், கவுன்ட்டரில் டான் பிரவுன் கிரானைட். (கரீம்நகர் பக்கத்துக் கல் இது, நம்மூரிலிருந்து கப்பலேறி வந்து இங்கே எத்தனை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று கணக்கே இல்லை.) ஜன்னல் வடக்குப் பார்த்தது. செர்ரி மரம் வெளிச்சம் பட்டுப் பட்டு வருஷா வருஷம் இன்னும் கருக்கும். அதனால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூட விளக்குப் போடாமல் காய் நறுக்க முடியாது.

கேபினட்டையே மாற்ற விலை கேட்டால் கார் வாங்குகிற தொகை சொல்கிறார்கள். ஆள் வைத்துப் பெயின்ட் அடித்தால் சில ஆயிரம் டாலர். நாமே செய்தால் பொருளுக்கு மட்டும் சில நூறு, ஆனால் உங்கள் வார இறுதிகளை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தாள். "ஏண்டி, நல்ல மரத்துக்குப் போய் யாராவது பெயின்ட் அடிப்பாங்களா? வார்னிஷ் அடிச்சு வச்சா எப்படி மின்னும்!" என்று ஆரம்பித்து, நான் கதவைக் கழற்றுகிற வரைக்கும் விடவில்லை. அவள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. மரத்தின் ரேகைதான் அழகு, பெயின்ட் அடிப்பது மட்டமான மரத்தை மறைக்கத்தான் என்று வளர்ந்தவர்கள் நாம். ஒரு தடவை அடித்துவிட்டால் திரும்ப மரத்தைக் கொண்டுவருவது நடைமுறையில் நடக்காத காரியம் என்பதும் உண்மை, அந்தப் புடைத்த பலகையின் ஓரங்களிலும் இடுக்குகளிலும் போன பெயின்ட்டை யார் சுரண்டுவது? கிச்சனில் நல்ல வெயில் வருகிறது, மரமும் நன்றாக இருக்கிறது என்றால் அம்மா பேச்சையே கேளுங்கள், விளக்கை மட்டும் மாற்றுங்கள்.

சரி, அடிப்பது என்று முடிவெடுத்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கதவு என்ன பொருள் என்று. மரமா, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் (எம்.டி.எஃப்.) மரத்தோல் ஒட்டியதா, பிளாஸ்டிக் ஃபிலிம் போர்த்திய தெர்மோஃபாயிலா? தெர்மோஃபாயில் என்றால், அதுவும் அடுப்புப் பக்கம் ஏற்கெனவே உரியத் தொடங்கியிருந்தால், அதன்மேல் எதை அடித்தும் பிரயோஜனமில்லை, ஃபிலிம் உரியும்போது பெயின்ட்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டில் கதவும் முன் சட்டமும் அசல் செர்ரி. பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் மர டிசைன் அச்சடித்த மெல்லிய காகித ஃபிலிம், அந்தக் காலத்து அமெரிக்க கேபினட்டுகளில் இது சகஜம், தட்டிப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது. அந்த வழவழப்பிலும் பி.ஐ.என். பிடித்துக்கொண்டது, நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

இனி பிசுக்கு. அமெரிக்கர்கள் எழுதுகிற வழிமுறைகளை எல்லாம் படித்தால் "கதவைத் துடையுங்கள்" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். அவர்கள் வீட்டில் தினமும் தாளிப்பதில்லை. நம் கிச்சனில் கடுகு வெடிக்கிறது, அப்பளம் பொரிகிறது, தோசைக்கல்லில் புகை வருகிறது, இந்த ஊர் வீடுகளில் பாதிக்கு அடுப்புக்கு மேலே இருக்கிற ஹுட் புகையை வெளியே தள்ளுவதே கிடையாது, ஒரு ஃபில்டர் வழியாக இழுத்து நம் மூஞ்சியிலேயே திருப்பி விடுகிற ரகம். அதனால் அடுப்புக்கு இரண்டு பக்கமும் உள்ள கதவுகளின் மேல் விளிம்பில் கை வைத்துப் பாருங்கள், அது வார்னிஷ் இல்லை, பல வருஷத்து எண்ணெய். அதன்மேல் உலகத்திலேயே விலை அதிகமான பெயின்ட்டை அடித்தாலும் ஒட்டாது.

நான் பயன்படுத்தியது கிரட் கட்டர் என்ற பிசுக்கு நீக்கி. ரொம்ப மோசமான கதவுகளுக்கு டி.எஸ்.பி. என்று விற்கிற டிரைசோடியம் பாஸ்பேட் தூள், வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு. டி.எஸ்.பி. நன்றாக வேலை செய்கிறது, ஆனால் சுத்தமான தண்ணீரில் திரும்பத் திரும்பத் துடைத்து எடுக்காவிட்டால் அதன் உப்பே மேலே தங்கி பெயின்ட்டுக்கு எமனாகிவிடும். இன்னொரு விஷயம், பழைய வீட்டுக்காரர்கள் பளபளப்புக்காக அடித்த ஃபர்னிச்சர் ஸ்ப்ரே. அதில் சிலிகோன் இருந்தால் பெயின்ட் அங்கங்கே விலகி மீன் கண் மாதிரி குட்டிக் குட்டிப் பள்ளமாக நிற்கும். பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் ஒரு தடவை மினரல் ஸ்பிரிட்ஸ் என்கிற பெயின்ட் கரைப்பான் வைத்துத் துடைத்துவிடுங்கள்.

எங்களுக்கு விலை சொல்ல வந்த கான்ட்ராக்டர் ஒருவர், நன்றாக உப்புத்தாள் போட்டால் போதும், கழுவுவதெல்லாம் நேர விரயம் என்றார். பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால் அது வெளியே போகாது, கீறல் வழியாக உள்ளே இறங்கும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை அனுப்பிவிட்டோம். கழுவி, காயவைத்து, அதற்குப் பிறகு 180 அல்லது 220 நம்பர் தாள். மரம் தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டியதில்லை, பளபளப்பு செத்து மங்கலாகத் தெரிந்தால் போதும். உங்கள் வீடு 1978-க்கு முன்னால் கட்டியது, கேபினட்டில் ஏற்கெனவே பழைய பெயின்ட் இருக்கிறது என்றால் தேய்ப்பதற்கு முன் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள், வீட்டில் குழந்தை இருந்தால் இதில் சமரசமே கூடாது.

இப்போது பி.ஐ.என். இதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம் என்றால், செர்ரி, ஓக், மஹோகனி மாதிரி மரங்களில் டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறைய இருக்கிறது, தண்ணீர் கலந்த பிரைமரை அதன்மேல் அடித்தால் அந்தத் தண்ணீரிலேயே டானின் கரைந்து மேலே ஏறிவரும். வெள்ளைப் பெயின்ட்டில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக. இன்னொரு கோட் அடிப்பீர்கள், அது காய்ந்ததும் மறுபடி எட்டிப் பார்க்கும். அடர் நிறத்துக்காகத் தொழிற்சாலையில் போட்ட சாயமும் சில சமயம் இதே மாதிரி ஊறி வந்து வெள்ளையை ரோஸ் ஆக்கும். தெரிந்த குடும்பம் ஒன்று பிரைமரும் பெயின்ட்டும் ஒரே டின்னில் என்று விளம்பரப்படுத்துகிற ஏதோ ஒன்றை நேராக ஓக் மரத்தில் அடித்தார்கள். இப்போது அவர்கள் கிச்சன் முழுக்க டீக்கறை விழுந்த மாதிரி இருக்கிறது.

பி.ஐ.என். தண்ணீர் சார்ந்தது இல்லை. ஆல்கஹாலில் கரைத்த ஷெல்லாக், அதாவது நம் அரக்கு, அதோடு வெள்ளை நிறமி. ஜார்க்கண்ட் காடுகளில் மரக்கிளையில் பூச்சி சுரக்கிற அதே அரக்குதான் மூலப்பொருள். ஜின்சர் 1849-ல் நியூயார்க்கில் ஷெல்லாக் வியாபாரமாக ஆரம்பித்த கம்பெனி, பிற்காலத்தில் எங்களுக்குப் பக்கத்து சாமர்செட்டில்தான் ஜாகை, இப்போது ரஸ்ட்-ஓலியம் குடும்பத்துக்குள் போய்விட்டது. அரக்கு ஒரு படலமாக நின்றுவிட்டால் டானின், சாயம், பழைய எண்ணெய் வாசனை எதையும் மேலே விடாது. எங்கள் வீட்டு மசாலா டப்பா இருந்த கேபினட்டுக்குள் பெருங்காய வாசனை கதவைத் திறந்தாலே அறையும், உள்பக்கம் ஒரு கோட் அடித்தபிறகு அது போய்விட்டது, நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய இருபது நிமிஷம், அடுத்த கோட்டுக்கு முக்கால் மணி நேரம் என்று டின்னில் போட்டிருக்கிறது, அப்படியேதான் நடக்கிறது. காய்ந்தபிறகு 220 தாளை லேசாகப் போட்டால் மாவு மாதிரி உதிர்ந்து மேற்பரப்பு வழவழவென்று ஆகிவிடுகிறது. அடர் செர்ரிமேல் முதல் கோட் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், சொல்லிவிடுகிறேன், வெள்ளைக்குக் கீழே சிவப்பு தெரிந்து யாரோ சுண்ணாம்பைத் தண்ணியாகக் கரைத்து அடித்த மாதிரி. கவலை வேண்டாம், இரண்டாவது கோட்டில் சரியாகிவிடும். முழு வெள்ளையாக வரவேண்டிய அவசியம்கூட இல்லை, மூடுகிற வேலை பெயின்ட்டுடையது.

கஷ்டங்களும் இருக்கின்றன. தண்ணீர் மாதிரி ஓடும், நின்ற கதவில் அடித்தால் வழிந்துவிடும், படுக்கப் போட்டு அடியுங்கள். வேகமாகக் காய்வதால் அடித்த இடத்துக்குத் திரும்பப் போய்ப் பிரஷ்ஷால் நீவக் கூடாது, இழுபட்டுக் கோடு விழும், அடித்தோமா நகர்ந்தோமா என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிரஷ்ஷை அம்மோனியா கலந்த தண்ணீரில் கழுவலாம், ஆனால் அந்த வாசனையை ஒருதரம் அனுபவித்தவர்கள் மலிவான பிரஷ் வாங்கித் தூக்கிப் போடுகிற கட்சிக்கு மாறிவிடுவார்கள். பிரைமரின் சொந்த ஆல்கஹால் நெடியும் சாதாரணமில்லை, என் 95 முகமூடி இதைத் தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வேண்டும். அடுப்பு, பைலட் லைட் (கேஸ் சாதனங்களில் எப்போதும் எரிகிற சின்னச் சுடர்), வாட்டர் ஹீட்டர் எதுவும் எரியாத இடமாகப் பாருங்கள். துரியோதனன் அரக்கு மாளிகை கட்டியது வேலைப்பாட்டுக்காக இல்லை என்பது ஞாபகம் இருக்கட்டும், இங்கே அரக்கோடு சேர்ந்து ஆல்கஹாலும் இருக்கிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் நம் வீடுகளில் பலபேர் கராஜில் இன்னொரு அடுப்பு வைத்திருக்கிறோம், மீன் வறுக்க, பட்சணம் பொரிக்க. கிச்சன் மூடியிருக்கிற நாட்களில் இயல்பாகவே சமையல் அங்கே போகும். அதே கராஜில்தான் கதவுகளும் பி.ஐ.என். பூசிக்கொண்டு படுத்திருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் கூடவே கூடாது. நாங்கள் ஒரு இன்டக்‌ஷன் அடுப்பை பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுபோய், குழம்பு, சோறு, வெளிச்சாப்பாடு என்று ஓட்டினோம்.

கழற்றும்போது ஒரு சின்ன உபாயம். ஒவ்வொரு கதவுக்கும் எண் போட்டுத்தான் ஆகவேண்டும், ஆனால் எங்கே எழுதினாலும் பெயின்ட்டில் மறைந்துவிடும். கீல் உட்காருகிற வட்டக் குழி இருக்கிறதல்லவா, 35 மில்லிமீட்டர் குழி, அதற்குள் எண்ணை எழுதி மேலே டேப்பை ஒட்டிவிடுங்கள். கடைசியில் டேப்பை உரித்தால் எண் அப்படியே இருக்கும். கீலுக்கு மேல் பெயின்ட் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

அடுத்து அட்வான்ஸ். பெஞ்சமின் மூர் 1883-ல் புரூக்ளினில் தொடங்கிய கம்பெனி, தலைமையகம் இங்கே மான்ட்வேலில், 2000-லிருந்து வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே கையில். அட்வான்ஸ் என்பது தண்ணீரில் கரையும் ஆல்கிட், நம்மூர் இனாமல் பெயின்ட்டின் குணம், ஆனால் டர்பன்டைன் வேண்டாம், பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் கழுவலாம். இதன் பெரிய பலம் மெதுவாகக் காய்வது. மெதுவாகக் காய்வதால் பிரஷ் கோடுகள் தாமாகவே இறங்கிச் சமமாகிவிடுகின்றன, ஸ்ப்ரே கன் இல்லாமல் நாலு அங்குல ரோலரும் நல்ல நைலான் பிரஷ்ஷும் வைத்து அடித்த கதவை, வந்து பார்த்தவர்கள் கடையில் வாங்கியதா என்று கேட்கிறார்கள். கேட்கும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

இதன் பெரிய பலவீனமும் மெதுவாகக் காய்வதுதான். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் பதினாறு மணி நேரம் இடைவெளி என்று கம்பெனியே சொல்கிறது. கதவுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு இரண்டு கோட், நடுவில் லேசாக உப்புத்தாள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி ஜூலை புழுக்கத்தில் இன்னும் இழுக்கும், குளிர்காலத்தில் சூடு இல்லாத கராஜில் காயவே காயாது, மே மாதமோ செப்டம்பரோதான் சரி. முழுசாக இறுக ஒரு மாதம் வரை ஆகும், அதுவரை மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் நகம் பட்டால் அழுந்தும், கதவை இழுத்து மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூலைகளில் ஒட்டுகிற ரப்பர் புள்ளிகள் ஒரு டாலர் இரண்டு டாலருக்குக் கிடைக்கின்றன, கதவை மாட்டிய அன்றே ஒட்டிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, டிராயரை உதைத்து மூடுகிற ரகமென்றால் இந்த ஒரு மாதம் உங்களுக்கு நரகம்.

இவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு ஷெர்வின்-வில்லியம்ஸின் எமரால்டு யூரித்தேன் டிரிம் இனாமல் இருக்கிறது, நாலு மணி நேரத்தில் அடுத்த கோட். இன்சல்-எக்ஸ் கேபினட் கோட் ஆறு மணி நேரம், அதுவும் பெஞ்சமின் மூர் குடும்பம்தான், விலையும் கொஞ்சம் மட்டு. மைத்துனர் வீட்டில் எமரால்டு அடித்ததை அருகில் நின்று பார்த்தேன், சீக்கிரம் இறுகுகிறது, பிரஷ் கோடு மட்டும் என் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரிந்தது. ஸ்ப்ரே செய்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் இருக்காது, அவர்கள் தாராளமாக அதற்குப் போகலாம்.

ஓக் மரக் கதவுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செர்ரியும் மேப்பிளும் நெருக்கமான மரம், பெயின்ட் அடித்தால் வழுவழுவென்று வரும். ஓக்கில் ரேகைகள் பள்ளமாக இருக்கும், எத்தனை கோட் அடித்தாலும் அந்தக் கோடுகள் தெரியும். பிடிக்காவிட்டால் முதலிலேயே கிரெயின் ஃபில்லர் போட்டு நிரப்ப வேண்டும், அது பட்டி பார்க்கிற மாதிரி தனி வேலை. பரவாயில்லை, மரம் என்று தெரியட்டும் என்றால் விட்டுவிடலாம், எனக்கு அது அசிங்கமாகப் படவில்லை.

நிறம். எல்.ஆர்.வி. என்று ஒரு எண் ஒவ்வொரு நிறத்துக்கும் கொடுத்திருப்பார்கள், எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான அளவு, கறுப்பு பூஜ்யத்துப் பக்கம், வெள்ளை நூறுப் பக்கம். நிறத்தின் பெயரைவிட இந்த எண் எனக்குப் பயன்பட்டது. மேல் கேபினட்டுக்கு ஒயிட் டவ், ஓசி-17, எண்பதுக்கு மேல். கீழ் கேபினட்டுக்கு ரெவியர் பியூட்டர், எச்.சி-172, ஐம்பத்தைந்தை ஒட்டி, சாம்பலும் பழுப்பும் கலந்தது. மேலே வெளிச்சம் வேண்டும், கீழே சாம்பார் சொட்டுகிறது, கால் படுகிறது, அதனால் இந்தப் பிரிவினை. அதைவிடப் பளீர் வெள்ளையான சான்டிலி லேஸைத்தான் முதலில் எல்லாரும் சொன்னார்கள், ஒரு பெரிய அட்டையில் அடித்து கிரானைட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம், டான் பிரவுனின் பழுப்புப் புள்ளிகளுக்கு எதிரில் அது ஆஸ்பத்திரி வெள்ளையாக நின்றது. கல் பழுப்பு என்றால் கொஞ்சம் க்ரீம் ஓடுகிற வெள்ளைதான் ஒத்துப்போகும். ராத்திரி விளக்கிலும் பாருங்கள், 2700 கெல்வின் பல்பில் எல்லா வெள்ளையும் மஞ்சளாகிவிடும்.

மஞ்சள் என்றதும் எல்லாருக்கும் வருகிற கேள்வி: நம் சமையலுக்கு வெள்ளை கேபினட் தாங்குமா? தாங்குகிறது, நிபந்தனையோடு. மஞ்சள்தூள் பட்டால் உடனே ஈரத்துணியும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும். காரத்தன்மை உள்ள கிளீனரை அடித்தால் கறை சிவப்பாக மாறும், பதற வேண்டாம், ஆரத்தித் தட்டில் மஞ்சளில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே அதே ரசாயனம்தான், தண்ணீரில் துடைத்தால் சிவப்பு இறங்கிவிடும். மிச்சமிருக்கிற மஞ்சள் நிழல் வெயில் படுகிற இடமென்றால் தானே வெளுக்கும், மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. எங்கள் வடக்குப் பார்த்த கிச்சனில் அந்தச் சலுகை இல்லாததால் துடைப்பதில் சோம்பல் பட முடிவதில்லை. மிதமான பளபளப்புள்ள சாட்டின் ஃபினிஷ் வாங்கினோம், அட்வான்ஸில் அதற்கு 792 என்று எண், துடைக்கவும் வருகிறது, கை ரேகையும் அவ்வளவாகத் தெரியவில்லை. செமி-கிளாஸ் இன்னும் சுலபமாகத் துடைக்கலாம், ஆனால் கதவிலுள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் விளக்குப் போட்டுக் காட்டும்.

மஞ்சளைவிட எனக்குப் பயம் குக்கர். மேல் கேபினட்டுக்கு நேர் கீழே வைத்து விசில் விட்டால் அந்த ஆவி முழுக்கக் கதவின் அடி விளிம்பில்தான் போய் அடிக்கும், பெயின்ட்டுக்கு அதைவிட வேறு சித்திரவதை வேண்டாம். குக்கர் இப்போது முன் பர்னரில், ஹுட்டுக்குக் கீழே. அரிசிக்கு எலெக்ட்ரிக் குக்கர் வைத்திருப்பவர்கள் அதைக் கவுன்ட்டர் விளிம்புக்கு இழுத்து வைத்துவிட்டு ஆன் பண்ணுங்கள்.

முதல் குளிர்காலத்தில் கதவுச் சட்டத்தின் மூட்டுகளில் மயிரிழை மாதிரி கோடு விழும், சில கதவுகளில் நடுப்பலகை சுருங்கி அதன் ஓரத்தில் பழைய செர்ரி நிறம் நூலளவு எட்டிப் பார்க்கும். ஹீட்டர் ஓடி வீடு காய்ந்தால் மரம் சுருங்குகிறது, கோடையில் திரும்ப விரிகிறது. மரக் கதவுக்குப் பெயின்ட் அடித்தால் யார் அடித்தாலும் இது உண்டு, புதிதாகப் பெயின்ட் அடித்த கதவு விற்கிற கம்பெனிகள் எம்.டி.எஃப்.புக்கு மாறியதற்கு இது ஒரு காரணம். பலகை நன்றாகச் சுருங்கியிருக்கும் பிப்ரவரியில் அந்த ஓரத்தில் ஒரு சின்னப் பிரஷ்ஷால் டச்சப் செய்துவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து தெரியாது.

சென்னையிலிருந்து சித்தி பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு அங்கே பி.ஐ.என். கிடைக்குமா என்று கேட்டாள். தேடி அலைய வேண்டாம் என்றேன். அங்கே பெரும்பாலான மாடுலர் கிச்சன் பிளைவுட்டில் சன்மைகா ஒட்டியது, மரமே வெளியில் தெரியாது, டானின் பிரச்சினையும் கிடையாது. கறுத்த சன்மைகா பிடிக்கவில்லை என்றால் கதவை மட்டும் கழற்றி மேலே புது ஷீட் ஒட்டுவதோ புதுக் கதவு போடுவதோதான் நிற்கும். பழைய தேக்குக் கதவு, வார்னிஷ் கறுத்துப்போனது என்றால் அதற்கு அங்கேயே பி.யு. (பாலியூரித்தேன்) அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், ஹார்டனர் கலந்து ஸ்ப்ரே கன்னில் அடிப்பது, நன்றாக அடித்தால் நான் பிரஷ்ஷில் அடித்ததைவிடக் கெட்டியாகவே நிற்கும். அவர்களிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி பிசுக்கை எப்படி எடுப்பீர்கள் என்பதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் பி.ஐ.என். என்று கேட்டால் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிற புல்ஸ் ஐ 1-2-3-யை எடுத்துக் கொடுப்பார்கள், அதுவும் ஜின்சர்தான், சுவருக்கு நல்ல பொருள், ஆனால் தண்ணீர் சார்ந்தது. டின்னில் ஷெல்லாக் பேஸ் என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். ஷெல்லாக் நெடி தாங்காது என்பவர்களுக்கு அதே கம்பெனியின் கவர் ஸ்டெய்ன், எண்ணெய் சார்ந்தது, டானினை அடக்கும், காய மட்டும் கூடுதல் நேரம். அட்வான்ஸை அந்தப் பெரிய ஆரஞ்சுக் கடையில் (ஹோம் டிப்போ) தேடாதீர்கள், பெஞ்சமின் மூர் டீலர் கடைகளிலும் ஏஸ் ஹார்டுவேரிலும் பார்க்கலாம். எங்களுடையது மாதிரி நடுத்தர கிச்சனுக்கு பிரைமர் ஒரு காலனுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு நிறமும் சேர்த்துப் பெயின்ட் இரண்டு காலன் வாங்கினால் தாராளம், மிச்சத்தை நிறத்தின் எண்ணை மூடியில் எழுதி பேஸ்மென்ட்டில் வையுங்கள், கராஜில் வைத்தால் குளிரில் உறைந்து வீணாகிவிடும்.